கல்லு கேட்ட கித்தேரி

கிட்ட வந்து உக்காரு மகளே. இன்னும் கொஞ்சம். அங்கன உக்காந்தா நான் ஒண்ணு சொல்ல, கடல் ஒண்ணு சொல்ல, ரெண்டும் கலந்துதான் உன் காதுக்கு வரும். இந்த வலைக்கூடத்துல அதுதான் ஒரு குறை. இதைக் கட்டுன காலத்துல அலைச் சத்தமே இங்க வராது. இப்ப கடலே நடந்து வந்து பக்கத்துல உக்காந்துக்கிட்டு, நாம பேசுறதுக்கெல்லாம் பதில் சொல்லுது. அந்தத் தூண்ல சாஞ்சுக்க. ஈரமில்ல.

கட்சி அனுப்பிச்சதுன்னு சொன்ன. சர்வே. வர்ற எலெக்சனுக்கு ஊருக்கு ஊரு என்ன வேணும்னு கேட்டு எழுதிட்டு வரச் சொல்லியிருக்காக. சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்க. வெள்ளமுனையில நான்தான் கிளைச் செயலாளரு. கயித்தான்னு கேட்டா ஒன்றியம் பூராத் தெரியும். என் மீசை கருப்பா இருக்கையில குடுத்த பதவி, இன்னும் யாரும் திருப்பிக் கேக்கல. வாங்கிக்கிறதுக்கு வேற ஆளும் இல்ல, அது வேற விசயம்.

ஊருக்கு என்ன வேணும்ங்கிறதை ஒரே வரியில சொல்லிரலாம். ஆனா போன எம்.பி. எலெக்சன்ல நடந்ததைக் கேக்காம எழுதினா நீயும் தப்பா எழுதிப்புடுவ. தப்பாக் கேட்டுத்தான் இந்த ஊரு இந்தக் கதியில கிடக்கு.

எனக்கு ஒரு தங்கச்சி. கித்தேரின்னு பேரு. புத்திசாலி. கூடப் பிறந்தவன் நானே சொல்றேன், எங்க ஆத்தா வயித்துல பிறந்ததுல புத்தி பூராவும் அவளுக்குத்தான் போச்சு. எனக்குப் பேச்சு. அவ புருசன் சந்தியாகு கடலுக்குப் போனவன் திரும்பல. அன்னையில இருந்து மீன் கூடையைத் தலையில தூக்கினவ. பஸ் ஏறி உள்நாட்டுச் சந்தைக்கெல்லாம் போயி விப்பா. மிளகாய்க்காட்டுக்காரன், கரிமூட்டம் போடுறவன், வாத்தியாரு, போலீஸ்காரன்னு நாலு வகை ஆளுகிட்டயும் வாயாடி வாயாடி, எவனுக்கு எந்த வார்த்தை விளங்கும், எது விளங்காதுன்னு அவளுக்கு அத்துப்படி. அந்தப் புத்திதான் கடைசியில எங்க ரெண்டு பேரையும் பேச்சுவார்த்தை இல்லாம ஆக்கிப்புடுச்சு.

கீழத்தெருவுல கடலு, அடுத்து அவ வீடு, அடுத்து என் வீடு. அப்படி ஒரு வரிசை. நடுவுல ஒரு ஆடு போற சந்து. அவ வீட்டுல கருவாட்டுக் குழம்பு கொதிச்சா என் வீட்டுல சோத்தை வடிச்சிருவாக. அவ்வளவு நெருக்கம்.

கடல் எப்பவும் இப்படி இல்ல. தெக்க தென்முனைன்னு ஒரு ஊரு இருக்கு. அந்த ஊருக்குக் கவருமெண்டு தூண்டில் வலைவு போட்டுக் குடுத்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்தக் கூத்து.

என்ன? வளைவா? அதைத்தான மகளே நானும் சொல்றேன், தூண்டில் வலைவு. முன்பல்லு ரெண்டும் போனதுல இருந்து அந்த ஒரு வார்த்தை மட்டும் என் வாயில சறுக்கும். நீ எழுதும்போது சரியா எழுதிக்க. லாரி லாரியாப் பாறாங்கல்லைக் கொண்டாந்து கரையில இருந்து கடலுக்குள்ள நீளமாக் கொட்டி, நுனியில தூண்டில் முள்ளு மாதிரி வளைச்சு விடுவாக. அலை வந்து அதுல முட்டி ஓஞ்சுரும். உள்ள மணல் சேரும். தென்முனைக்காரனுக்குச் சேந்துச்சு, இப்ப பந்து விளையாடுறான். ஆனா அங்க முட்டித் திரும்பின கடலு எங்கிட்டுப் போகும்? வடக்க இருக்கிற எங்களைப் பாத்துத் திரும்பிருச்சு. முதல்ல குருசடி போச்சு, கரையில இருந்த சின்னச் சிலுவைக் கோயிலு. அப்புறம் மீன் ஏலம் போடுற கூடம். அப்புறம் வீடுக. எங்களுக்கும் ஒரு தூண்டில் வலைவு போட்டுட்டா முடிஞ்சுது. எங்களுக்கு வடக்க புதுக்குடி இருக்கு. அங்க கடல் போகுமேன்னு கேப்ப. அது அவுக பாடு. அவுகளும் ஒரு எலெக்சன்ல கேட்டு வாங்கிக்கிட வேண்டியதுதான்.

எலெக்சன் வந்துச்சு. ஊர்க் கூட்டம் போட்டோம். எங்க ஊர்க் கூட்டத்துல பொம்பளைக பேசப்படாது. கூடத்துக்கு வெளியில நின்னு கேக்கலாம். கித்தேரி என்ன பண்ணுவான்னா, பக்கத்துல நிக்கிறவகிட்டச் சொல்ற மாதிரி சத்தமாச் சொல்லுவா. உள்ள இருக்கிற அத்தனை பேருக்கும் கேக்கும். கொஞ்ச நேரங்கழிச்சு ஊர்த்தலைவரு தொண்டையைக் கனைச்சுக்கிட்டு அதையே தானா யோசிச்ச மாதிரிச் சொல்லுவாரு. எல்லாரும் சரிதான்னு தலையாட்டுவோம். எங்க ஊரு நல்லது கெட்டதெல்லாம் அப்படித்தான் நடந்துக்கிட்டிருந்துச்சு.

அன்னைக்கும் வெளியில நின்னுக்கிட்டு, "ஏன்டி ரோணிக்கா, எவன் நம்ம ஊருக்கே வந்து, மைக்கைப் பிடிச்சு, தன் வாயால தூண்டில் வளைவு போடுறேன்னு சொல்றானோ அவனுக்கு ஊர் ஓட்டு மொத்தமும்னு வச்சா என்னடி? அதைப் போன்ல பிடிச்சு வச்சுக்கிட்டா, பின்னால மாத்திப் பேச முடியாதுல்ல?" அப்படின்னா. ரோணிக்கா என்னத்தைக் கண்டா, ஆமாக்கான்னா. தலைவரு தொண்டையைக் கனைச்சாரு. முடிவாயிருச்சு.

இனிமே என் பொறுப்பு. வேட்பாளரைக் கொண்டாரணும். அது என்ன லேசுப்பட்ட காரியமா? எம்.எல்.ஏ. தொகுதின்னாலும் பரவாயில்ல. எம்.பி. தொகுதிங்கிறது கடல் மாதிரி, கரை தெரியாது. நெல்லு விளையிற பூமி, மிளகாய்க்காடு, கருவேலங்காடு, உப்பளம், இதெல்லாம் தாண்டி ரோடு முடியிற இடத்துலதான் நாங்க. ஒரு முனையில பஸ் ஏறினவன் மறுமுனையில இறங்குறதுக்குள்ள அவன் பொண்டாட்டிக்கு அவன் முகம் மறந்துரும். வேட்பாளரு எங்கன்னுதான் போவாக? ஒன்றியச் செயலாளரு முத்திருளாண்டி வீட்டு வாசல்ல தினமும் காலையில போயி நிப்பேன். அவரை நாங்க ஒன்றியம்னுதான் கூப்பிடுறது. "கயித்தான், உங்க ஊருல எத்தனை தலை இருக்கு? கறிவேப்பிலைக் கொத்து மாதிரி இம்புட்டு ஓட்டுக்கு வண்டி டீசலுக்குக் காணுமாய்யா?" ம்பாரு. நான் சிரிச்சுக்கிட்டே நிப்பேன். மறுநாளும் நிப்பேன். கடைசியில, "சரிய்யா, உன் மூஞ்சியைப் பாக்க முடியல. பத்து நிமிசம். வண்டியை விட்டு இறங்க மாட்டாக, மேல நின்னே பேசுவாக" ன்னுட்டாரு. அந்தப் பத்து நிமிசத்தை நான் வாங்கின மாதிரி இந்தக் கடற்கரையில ஒருத்தன் வாங்கியிருக்க மாட்டான்.

வண்டி வர்ற அன்னைக்குக் காலையில கித்தேரி சந்து வழியா வந்தா. கையில ஒரு சொம்பு காப்பி. வந்தவ சும்மா இருக்காம, "அண்ணே, அவுககிட்ட தூண்டில் வளைவுன்னு சொல்லாத. உள்நாட்டு ஆளுகளுக்கு அது விளங்காது. சந்தையில நான் சொல்லிப் பாத்துட்டேன். தூண்டிலு எதுக்குக்கா வளையணும்னு கேக்கிறான். கடல்ல கல்லு போடணும்னு சொல்லு. அம்புட்டுத்தான். கல்லு" ன்னா.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. தூண்டில் வலைவுங்கிறதுதான் கவருமெண்டு வார்த்தை. ஆபீஸ்ல அப்படித்தான் எழுதுறான். ஒரு கிளைச் செயலாளரு, அவ்வளவு பெரிய மனுசருகிட்டப் போயி கல்லு மண்ணுன்னு பேசினா மரியாதையா இருக்குமா? "நீ மீன் விக்கிற சந்தையில போயி கல்லுன்னு சொல்லு. கட்சியில எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும்" னேன். அவ காப்பிச் சொம்பை வச்சுட்டுப் போயிட்டா.

உச்சி வெயில்ல வண்டி வந்துச்சு. மேளம், வேட்டு, ஊரே கரையில. வேட்பாளரு அரிசி மில்லு வச்சிருக்கிற குடும்பம். தங்கமான மனுசன். கையைப் பிடிச்சா பஞ்சு மாதிரி இருக்கும். கால்ல உப்புத்தண்ணி பட்டிருக்காது, ஆனா அதுக்கு அவுக என்ன செய்வாக. வண்டி நிக்கிறதுக்குள்ள நான் படியில தொத்தி ஏறிட்டேன். அவுக குனிஞ்சு, "பெரியவரே, இந்த ஊருக்கு என்ன குறை?" ன்னு என் காதுல கேட்டாக. என் காதுல, மகளே. மாலையில இருந்த ரோசாப்பூ என் கன்னத்துல உரசுச்சு. மேளக்காரன் விடாம அடிக்கிறான். வாழ்க வாழ்கன்னு கத்தி என் தொண்டை வேற கட்டியிருக்கு. ஆனாலும் அழுத்தந்திருத்தமாச் சொன்னேன், "தூண்டில் வலைவு வேணும்ய்யா."

அவுக நிமிந்தாக. மைக்கைத் தட்டினாக. மேளம் நின்னுச்சு.

"கடல் தாயின் செல்லப் பிள்ளைகளே! உங்கள் கிளைச் செயலாளர் சொன்னார். ஊரின் குறையை ஒரே வார்த்தையில் சொன்னார். நான் வாக்குக் கொடுக்கிறேன். வெற்றி பெற்ற ஒரே மாதத்தில், வெள்ளமுனையில் உள்ள ஒவ்வொரு குடும்பத்துக்கும் தூண்டிலும் வலையும் இலவசமாக வழங்கப்படும்!"

ஊரு அப்படியே நின்னுச்சு. ஒரு கைதட்டு இல்ல. கொடி பிடிச்சிருந்தவனுகூட என்னையப் பாக்கிறான். அந்த மேளக்காரப் பய வாசிச்ச வாசிப்புல அவுக காதுல எப்படியோ விழுந்திருக்கு. அதுக்காக? மேல நிக்கிற வேட்பாளருகிட்ட, அதுவும் மைக்குல வாக்குக் குடுத்த பின்னால, "அய்யா, அது இல்ல" ன்னு சொல்ல முடியுமா? அவுக மனசு என்ன பாடுபடும்? சபை நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல? அதனால நான்தான் முதல்ல கை தட்டினேன். பலமாத் தட்டினேன். பின்னாடி ரெண்டு பேரு தட்டினாக.

கித்தேரி முன்னால நின்னுக்கிட்டிருந்தா, போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு. படம் பிடிக்கிறா. கையை இறக்கிட்டா. "வலை இல்லைய்யா! வளைவு! வளைவு!" ன்னா. அவுக கையெடுத்துக் கும்பிட்டு, "கண்டிப்பா வலை உண்டும்மா" ங்கிறாக. நான் படியில நின்னுக்கிட்டு வாயில விரலை வச்சுக் காட்டுறேன், சும்மா இருட்டின்னு. கேட்டாத்தான? பத்து நிமிசம் முடியப்போகுது, வண்டி உறுமுது. அவளுக்குப் பதட்டமாயிருச்சு. ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கி, பெரிய பாறாங்கல்லைத் தூக்கிப் போடுற மாதிரி சைகை காட்டிக்கிட்டே தொண்டை கிழியக் கத்துறா.

"கல்லு! கல்லு போடணும்! கல்லைப் போடுங்க!"

பொம்பளைகளுக்குத் தெம்பு வந்துருச்சு. ஒருத்தி ஆரம்பிச்சா அத்தனையும் சேந்துக்கிரும்ல. கீழத்தெருப் பொம்பளைக மொத்தமும் கையைத் தூக்கிக்கிட்டு, "கல்லைப் போடுங்க! கல்லைப் போடுங்க!"

டிரைவரு உள்நாட்டுப் பய. அவன் என்னத்தைக் கண்டான்? அம்பது அறுபது பொம்பளைக கையை ஓங்கிக்கிட்டுக் கல்லைப் போடுங்கன்னு கத்தினா என்ன நினைப்பான்? "ஏய், கல்லெறியிறாளுகடா!" ன்னு அலறிட்டு வண்டியை எடுத்தான் பாரு. வண்டிக்கு மேல நின்ன வேட்பாளரு மல்லாந்து விழுந்தாக. மாலை அறுந்து மணல்ல கொட்டுச்சு. நான் படியில இருந்து உருண்டு ஓடைத் தண்ணிக்குள்ள கிடக்கேன். வண்டி போயிருச்சு. பின்னாலயே வந்த அத்தனை காரும் போயிருச்சு. தூசி அடங்கினப்ப கித்தேரி மட்டும் கையைத் தூக்கினபடியே நிக்கிறா. "நான் கேட்டதுதான அண்ணே..." ன்னு ஏதோ சொல்ல வந்தா. நான் வேட்டியைப் பிழிஞ்சுக்கிட்டு நடந்துட்டேன்.

மறுநாள் பேப்பர்ல வந்துருச்சு. வேட்பாளர் வண்டி மீது கல்வீச முயற்சி, கடற்கரை கிராமத்தில் பரபரப்பு. டீக்கடையில வாசிச்சுச் சொன்னாக. போலீஸ் ஜீப்பு வந்து சந்துக்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போச்சு. என்னை ஒன்றியம் கூப்பிட்டு விட்டாரு. போனேன். உக்காருன்னுகூடச் சொல்லல. "யாருய்யா அந்தப் பொம்பளை? எந்தக் கட்சிக்காரன் தூண்டிவிட்டான்? பேரைச் சொல்லு, கேஸைப் போடுவோம்" ங்கிறாரு. பக்கத்துல ஒரு ஏட்டையா உக்காந்திருக்காரு.

அங்க நான் மட்டும் இல்லைன்னா இன்னைக்குக் கித்தேரி கோர்ட்டு வாசல்ல நிப்பா. அண்ணன் என் தலையில சட்டுனு ஒரு யோசனை உதிச்சுச்சு. "அய்யா, அது என் கூடப்பிறந்த தங்கச்சிதான். புருசன் கடல்ல போனதுல இருந்து புத்தி கொஞ்சம் ஒரு மாதிரி. கடலைப் பாத்தாலே கல்லு கல்லும்பா. விட்டுருங்க" ன்னேன். கண்ணுலகூடத் தண்ணி விட்டேன். ஏட்டையா உச்சுக் கொட்டினாரு. ஒன்றியம் என் தோள்ல கை வச்சு, "முன்னாலயே சொல்றதுக்கென்னய்யா, பாவம்" ன்னாரு. முடிஞ்சுது. கேஸு இல்ல, ஒண்ணுமில்ல. கூடப் பிறந்தவளுக்கு இதைவிட ஒரு அண்ணன் என்ன செய்வான், நீயே சொல்லு.

நன்றி வேணும்ல மகளே மனுசிக்கு? அவளுக்கு இல்ல. நான் சொன்னதை அவகிட்ட நான் சொல்லிக்கிடல, சொல்லிக் காட்டுறது நல்லாயிருக்காதுன்னு. அவ பாட்டுக்கு ஒவ்வொரு திங்கக்கிழமையும் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போனா. போனா, அங்க ஒருத்தனும் அவ மனுவை வாங்கல. "வாங்கம்மா, கல்லு வேணுமா? போட்டுருவோம், வீட்டுக்குப் போங்க" ன்னு சிரிச்சிருக்கான். தாலுகா ஆபீஸ்ல சிரிச்சிருக்கான். மீன்துறை ஆபீஸ்ல ஒரு நல்ல பிள்ளை டீ வாங்கிக் குடுத்து, "மாத்திரை ஒழுங்காச் சாப்பிடுறீங்களாம்மா" ன்னு கேட்டிருக்கு. அவ என்ன மாத்திரைன்னிருக்கா. "உங்க அண்ணன் சொன்னாராமே" ன்னு அது எல்லாத்தையும் சொல்லிப்புடுச்சு.

அன்னைக்குச் சாயந்தரம் சந்துல வந்து நின்னா. கூடை இடுப்புல இருக்கு.

"அண்ணே, எனக்குப் பைத்தியமாண்ணே?"

"ஏட்டி, உன் மேல கேஸு வந்துரக் கூடாதுன்னுதான சொன்னேன்."

"கேஸு வந்திருந்தா கோர்ட்டுலயாவது என்ன கல்லுன்னு கேட்டிருப்பாகளேண்ணே."

இப்படி விதண்டாவாதம் பேசுவா. கேஸு வந்தா நல்லதாம்! "போடி, போயி உலையை வை" ன்னேன். அவ இடுப்புக் கூடையை ஏத்திப் பிடிச்சா. அப்புறம் "சரிண்ணே" ன்னா. அதுதான். அதோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா. காப்பிச் சொம்பும் நின்னுபோச்சு.

எலெக்சன் நடந்துச்சு. கூட்டத்துல நான்தான் பேசினேன். வாக்குக் குடுத்த ஒரே கட்சி நம்ம கட்சி, வலைதான்னாலும் வாக்கு வாக்குதான, எம்.பி. ஆகட்டும், மெதுவா எடுத்துச் சொல்லுவோம்னேன். கித்தேரி வரவே இல்ல. ஊர்த்தலைவரு ரெண்டு மூணு தடவை தொண்டையைக் கனைச்சாரு, வெளியில இருந்து ஒரு சத்தமும் வரலைன்னதும் சரின்னுட்டாரு. எங்க பூத்துல நம்ம கட்சிதான் முதல்ல. மொத்தத்துல லட்சக்கணக்குல வித்தியாசம். எங்க ஊரு ஓட்டு அத்தனையும் கடல்ல போயிருந்தாலும் அவுக ஜெயிச்சிருப்பாக, அப்பேர்ப்பட்ட ஜெயிப்பு. ஒன்றியம் எனக்கு ஒரு லட்டு குடுத்தாரு.

சொன்னபடி வலையும் வந்துச்சு மகளே. ஒரு மாசத்துல வரல, ஆனா வந்துச்சு. இதே கூடத்துல பந்தல் போட்டு, அவுக கையால குடும்பத்துக்கு ஒரு வலை, ஒரு பொட்டித் தூண்டிலு. நான்தான் முதல் ஆளா வாங்கினேன், படம் எடுத்தாக. பிரிச்சுப் பாத்தா குளத்து மீன் பிடிக்கிற வலை. கெண்டைக்கும் கெளுத்திக்கும் வீசுறது. இந்தக் கடல்ல போட்டா ஒரு அலைக்குத் தாங்காது. இருந்தாலும் வீணாப் போகல. கோழிக்கு மேல மூடுறதுக்கு அதை மாதிரி ஒண்ணு கிடையாது. பாரு, அந்தா அந்த முருங்கையைச் சுத்தி ஆடு கடிக்காம கட்டியிருக்கிறதும் அதுதான். சொன்னதைச் செய்யிற கட்சி. அதை முதல்ல எழுதிக்க.

தூண்டில் வலைவைப் பத்தி? சொன்னேன். விழா அன்னைக்கே சொல்லலாம்னு கிட்டப் போனேன். அவுக என்னையப் பாத்து, "வலை நல்லா இருக்கா பெரியவரே?" ன்னு ஆசையாக் கேட்டாக. அந்த நேரத்துல எப்படிச் சொல்லுறது? நல்லா இருக்குதுங்கய்யான்னுட்டேன்.

போன வாடைக்காத்துக் காலத்துல கடல் கித்தேரி வீட்டு அடுப்படிக்கு வந்துருச்சு. சுவரு ஒரு பக்கம் வாயைப் பிளந்துக்கிச்சு. தாசில்தாரு வந்து பாத்துட்டு, கடல் இடிச்சா நிவாரணம் உண்டு, முழுசா விழட்டும், அதுக்கப்புறம் மனுக் குடுங்கன்னாரு. அதுதான சட்டம். அடுத்த பெரிய தண்ணிக்கு விழுந்துரும், கையில ஏதாச்சும் கிடைக்கும், மக இருக்கிற திருப்பூருக்குப் போயிரலாம். சின்னப்பிள்ளைக்குத் தெரியும் இந்தக் கணக்கு. இவ்வளவு புத்திசாலி என்ன பண்ணினா தெரியுமா? கடல் இடிக்கிறதுக்கு முன்னால தானே வீட்டை இடிச்சுப்புட்டா.

ஆமா. கடப்பாறைக்கு ஒரு ஆளைப் பிடிச்சா. ஓட்டைப் பிரிச்சு வித்து அவனுக்குக் கூலி குடுத்தா. சந்தியாகு அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் கருங்கல்லுல போட்டிருந்தான். பாம்பன் பக்கமிருந்து தோணியில கொண்டாந்த கல்லு. அதைப் பூராப் பேத்து எடுத்தா. தாசில்தாரு ஆபீஸ்ல சொல்லிட்டான், தானா இடிச்சதுக்கு ஒரு தம்பிடி கிடையாதுன்னு. பைத்தியம்னு நான் வாய்தவறிச் சொன்னதை நிசமாக்கிப்புட்டா பாத்தியா?

அதோட விட்டாளா? அந்தக் கல்லு, சுவரு இடிஞ்ச கட்டி, அம்மிக்குழவி முதக்கொண்டு அத்தனையையும் கொண்டாந்து என் வீட்டு வாசல்ல கொட்டினா. என் வாசல்ல! மீன் சுமந்த தலையில கல்லைச் சுமந்துக்கிட்டு, காலையில இருந்து இருட்டுற வரைக்கும். அவளும் ரோணிக்காவும். நான் இந்தக் கூடத்துல இதே தூண்ல சாஞ்சுக்கிட்டுப் பாக்கிறேன். ஒரு வார்த்தை பேசினா நானும் பேசலாம்னு. பேசல. பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "ஏட்டி, என் வாசலு உனக்குக் குப்பைமேடா?" ன்னு கத்தினேன். திரும்பிக்கூடப் பாக்கல. என் மருமக செல்சி இருக்கே, அது புடவையை இழுத்துச் செருகிக்கிட்டு அவகூடக் கல்லுத் தூக்கப் போயிருச்சு. எங்கடி போறன்னு அதட்டினேன். "மாமா, நீங்க பேசாம இருங்க" ன்னுச்சு. நாலு பேரு முன்னால. இந்த அவமானத்தை நான் எங்க போயிச் சொல்ல?

இந்தா பாரு, இங்கிருந்தே தெரியுது. என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இடுப்பளவுக்கு மேடு. வாசல்ல கட்டிலைப் போட்டா முன்னெல்லாம் கடல் தெரியும், இப்ப கல்லுதான் தெரியுது. இந்த வாடையில பெரிய தண்ணி வந்துச்சு. பக்கத்துத் தெருவுல ஆறு ஏழு வீட்டுக்குள்ள பூந்துருச்சு. என் வீட்டுல ஒரு சொட்டு வரல. மாதாவுக்கு நேந்துக்கிட்டது வீண்போகல. தண்ணி அந்தக் குப்பைமேட்டுக்கிட்ட வந்து சீறிட்டுச் சீறிட்டுத் திரும்பிருச்சு, கடலுக்கே அருவருப்பா இருந்திருக்கும்.

இப்ப எழுதிக்க மகளே. வெள்ளமுனைக்கு என்ன வேணும்? ஒரு ஜேசிபி. கிளைச் செயலாளர் கயித்தான் வாசல்ல கிடக்கிற கல்லை அள்ளிக் கடல்ல கொட்டணும். நான் ஒன்றியத்துக்கிட்டயே சொல்லிட்டேன். "இம்புட்டுத்தானா கயித்தான், உனக்கு இல்லாததா? எலெக்சன் நேரத்துல கிளைச் செயலாளரு வாசலு சுத்தமா இருக்க வேணாமா?" ன்னுட்டாரு. நாளைக் காலையில வருது. பாத்தியா, ஒரு தடவை வாய் திறந்து கேட்டேன், உடனே நடக்குது. கட்சியில எப்படிக் கேக்கணுமோ அப்படிக் கேக்கணும். நீ இருந்து பாத்துட்டுப் போ. செல்சி மூணு நாளா என்கிட்ட முகம் குடுக்கல. சோத்தை வச்சுட்டுத் திரும்பிக்கிருது. ஜேசிபி வந்தா முன்னால படுத்துக்கிருவேன்னு சொல்லுதாம். சின்னப் பிள்ளை, சரியாப் போயிரும்.

கித்தேரியா? போயிட்டா. வேலை முடிஞ்ச அன்னைக்கே மககிட்டத் திருப்பூருக்குப் போயிட்டா. ஒரு துணி மூட்டை, சந்தியாகு போட்டோ, வேற ஒண்ணுமில்ல. பஸ்ஸு வந்து மாதா கோயில்கிட்ட நின்னு ஹாரன் அடிச்சுக்கிட்டிருக்கு. வீடு இருந்த இடத்துல வாசப்படிக் கல்லு மட்டும் பாக்கி. நீளக் கல்லு. அதை ரெண்டு ஆம்பளை தூக்கணும். இவளும் செல்சியும் உருட்டி உருட்டிக் கொண்டாந்து, அந்த மேட்டுல கடலைப் பாத்து ஒரு இடத்துல சந்து மாதிரி இடைவெளி இருந்துச்சு, அதுல செருகினா. செருகிட்டு மேல ஏறி நின்னா. செருப்பைக் கழட்டிட்டு, குதிகாலால ஓங்கி ஒரு மிதி மிதிச்சுப் பாத்தா. கல்லு ஆடுச்சு. பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான், கண்டக்டரு கத்துறான். இவ இறங்கி, ஈர மணல்ல குனிஞ்சு தேடி, உள்ளங்கை அளவு ஒரு சில்லுக் கல்லை எடுத்துக்கிட்டு வந்து, படிக்கல்லுக்கு அடியில முட்டுக் குடுத்தா. மறுபடியும் ஏறி மிதிச்சா. ஆடல. அதுக்கப்புறம்தான் செருப்பைப் போட்டுக்கிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தா.